வெள்ளை அடித்த கறுப்புக் கூரை

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்து நீங்களே கண்டுபிடித்தீர்கள் என்ற பெருமையை உங்களுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மலையாள நாட்டில், பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையின் கூரை பால்போல வெள்ளையாக இருக்கிறது என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துக்குக் கீழே படித்த படிப்பை ஒன்றுவிடாமல் போட்டேன். அந்தக் கூரை அந்த வாரம் முழுக்கக் கறுப்பாகவே இருந்தது. சாதாரணக் கறுப்பும் இல்லை. போன மழைக்காலத்துப் பாசி வெயிலில் காய்ந்து கருகி, எருமை முதுகு மாதிரி மினுங்குகிற கறுப்பு.

கண் தெரியாதவன் என்றால் மன்னிக்கலாம். எனக்குக் கண் நன்றாகவே தெரியும். ஏறிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் கூரைதான் என் பிழைப்பு. கடை, ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள், இருப்பதை இழுத்துப் பெரிதாக்குகிறவர்கள், எல்லோருக்கும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லும் விதிகள் இருக்கின்றன. கூரை தன்மேல் விழும் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பவேண்டும், முற்றத்தில் பதிக்கும் கல்லும் வெளிர்நிறமாக இருக்கவேண்டும் அல்லது நிழலில் கிடக்கவேண்டும், இப்படிப் போகும். அந்தக் காகிதங்களை நிரப்பிக் கொடுப்பவன் நான். விதிப்புத்தகம் இதைச் சொல்ல நிறையப் பக்கங்களும் பட்டியல்களும் எடுத்துக்கொள்ளும். எனக்கு இரண்டு வரி போதும்: கறுப்புக் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, சாயங்காலம் வரை கீழே இருக்கிறவன் தலையில் வாந்தி எடுக்கும், வெள்ளைக் கூரைக்குக் குடிப்பழக்கம் இல்லை. கேட்கிற முதலாளிகள் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர் பெயிண்ட் வாங்கிவிடுவார்.

ஆனால் கூரை நிபுணனான எனக்கு ஏணி என்றால் உயிர் போகும். படிக்கட்டு எத்தனை மாடியானாலும் ஏறுவேன். சுவரோடு சுவராக நெட்டுக்குத்தாக நிற்கும் இரும்பு ஏணியில் மூன்றாவது கம்பியில் கால் வைத்ததும் என் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக யோசிக்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை ஒரு லாட்ஜில் பாதி ஏணியில் நின்றுவிட்டேன். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கொத்தனார் ஒருவர் வந்து என் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, குழந்தைக்குச் செருப்பு மாட்டுவதுபோல ஒவ்வொரு கம்பியில் வைத்து இறக்கினார். அதிலிருந்து கூரைகளைக் கீழே இருந்தே ஆராய்வது என்று ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கிறது. கூரையின் அடிப்பக்கத்தை நோக்கிச் சுட்டால் சூடு எவ்வளவு என்று சொல்லும். அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பேன். பார்க்கிறவர்களுக்கு ஒரு மரியாதை வரும்.

அந்த ஜவுளிக்கடை நாலு மாடி. முதலாளி நாகர்கோவில் பக்கம், நான் களியக்காவிளை. அதனால் என்னைத் திட்டுவதற்கு அவருக்கு மொழிப் பிரச்சினை எதுவும் வந்ததில்லை. கடையின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டியிருந்தார். அதற்கு அனுமதி முழுதாகக் கிடைக்க வேண்டுமென்றால் பழைய கட்டடமும் விதிக்கு உட்படவேண்டும் என்று சொல்லப்போனேன். கூரையைச் சொல்லி முடித்துவிட்டு முற்றத்துப் பேச்சுக்கு வந்தேன். வண்டிகள் நிற்கிற முன்முற்றம் முழுக்கக் கரிநிற இன்டர்லாக் கல். மண்டல காலத்தில் பக்கத்துக் கோவில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வரும் மாலை போட்ட சாமிகள், செருப்பில்லாத காலோடு அந்த முற்றத்தில் மத்தியானம் கால்வைத்தால், கடைக்குள் நடந்து போகமாட்டார்கள். துள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

"இந்தக் கறுப்புக் கல் ஆகாது முதலாளி" என்றேன். "வெயிலை அப்படியே இழுத்து வெச்சுக்கிடும். எந்த மடையன் இதைப் போடச் சொன்னான்?"

முதலாளி மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு பழைய காகிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பிவைத்தார். ஆறேழு வருஷத்துக்கு முந்தைய தேதி. 'எண்ணெய்க் கறை தெரியாது என்பதால் கரிநிறக் கல் உகந்தது' என்று எழுதி, கீழே என் கையெழுத்து. பட்டங்களும் இருந்தன.

"அந்த மடையனை நான் பத்திரமா வெச்சிருக்கேன் ஓய்" என்றார்.

கல் விவகாரம் அப்படி நின்றது. ஆனால் கூரை நிற்கவில்லை. காரணம் நாலாவது மாடியில் இருந்த அக்கா.

நாலாவது மாடியில், நேர் கூரைக்கு அடியில், தையல் பிரிவு. ரவிக்கை பிடிக்கிறது, பேண்ட் நீளம் குறைக்கிறது, புதுப்புடவைக்கு ஓரம் தைக்கிறது. இரண்டு மெஷின், ஒரு வெட்டுகிற மேஜை, ஒரே ஒரு அக்கா. கடையில் எல்லோருக்கும் அவர் அக்கா, முதலாளிக்கும். கரமனையில் வீடு. வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கீழே இறங்கி, பஸ் பிடித்துக் கரமனைக்குப் போய், மாமியாருக்குக் கஞ்சி கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, இரண்டு மணிக்குள் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். வருஷக்கணக்காக இது ஒருநாள் தவறியதில்லை. தவறமுடியாது என்பதுதான் உண்மை, வீட்டில் வேறு ஆள் கிடையாது.

மீன மாதத்தில், அதாவது நம் பங்குனியில், இரண்டு மணிக்கு அந்த அறை அடுப்பு. ஏசி ஓடும், ஆனால் அதுவே மூச்சு வாங்கும். போன வருஷம் ஒருநாள் அக்கா மெஷின்மேலேயே மயங்கிவிழுந்து, ஊசி புடவையில் இறங்கி நின்றிருக்கிறது. முதலாளி பயந்துபோனார். நல்ல மனுஷன்தான், ஆனால் நல்ல மனுஷர்கள் பயந்தால் உடனே ஒரு முடிவு எடுத்துவிடுவார்கள். தையல் பிரிவை மலையடிவாரத்து விதுராவில் இருக்கும் தன் கிளைக்கடைக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.

"விதுரா நல்ல குளிர்ச்சி அக்கா. பொன்முடிக் காத்து வரும்" என்றார்.

"காத்து வரும் முதலாளி. மத்தியானம் எங்க மாமியாருக்குக் கஞ்சி கொடுக்க அந்தக் காத்து கரமனைக்குப் போகுமா?" என்றார் அக்கா.

விதுராவுக்குப் போய் வருவதென்றால் காலையும் மாலையும் பஸ்ஸிலேயே கழியும். நடுவில் வீட்டுக்கு வந்து போவது என்ற பேச்சே இல்லை. மாற்றினால் அக்கா வேலையை விடவேண்டியதுதான். அதை அவர் யாரிடமும் கெஞ்சலாகச் சொல்லவில்லை. என்னிடம்தான் கேட்டார், துப்பாக்கியை இடுப்பில் பார்த்துவிட்டு.

"சாரே, நீங்க சொல்லுற வெள்ளப் பெயிண்ட் அடிச்சா சூடு சத்தியமா குறையுமா? இல்ல, வெறும் பேச்சா?"

"வெறும் பேச்சுன்னா என் பேரை மாத்திக்கிடுறேன்" என்றேன். எனக்கு நம்பிக்கைக்கு என்றைக்கும் குறைவில்லை. தகவல்தான் சில நேரம் குறையும்.

முதலாளி ஒரு பந்தயம் மாதிரி வைத்தார். "விஷுக்கூட்டம் தொடங்குறதுக்கு முந்தி, ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு நான் அந்த அறையில ஏசி இல்லாம ஒரு மணிக்கூர் இருப்பேன். சட்டை நனையாம எந்திரிச்சா தையல் இங்கேயே. நனைஞ்சா விதுரா. பொறவு என்கிட்ட வந்து நிக்கப்படாது."

ஒத்துக்கொண்டேன். பெயிண்ட் டிரம் இரண்டு வந்து இறங்கியது. அடிக்கவேண்டிய மேஸ்திரி தென்காசிப் பக்கத்துக்காரர். இங்கே வந்து இருபது வருஷம். தன் மலையாளத்தில் அவருக்குத் தனிப் பெருமை. ஊருக்குப் போனால்கூட 'தண்ணி' என்று சொல்லமாட்டாராம், 'வெள்ளம்' என்றுதான் கேட்பாராம். வீட்டில் பெண்டாட்டி கையெடுத்துக் கும்பிடுவாளாம். நானோ ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிறவன். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டால் அது எந்த மொழி என்று எங்களுக்கே அப்போதைக்கப்போதுதான் தெரியும்.

கரமனையிலிருந்து கிழக்கேகோட்டை போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு அவருக்குப் போன் செய்தேன். பஸ்ஸின் சத்தத்துக்கு மேலே நான் கத்தவேண்டியிருந்தது.

"மேஸ்திரி, நாளைக்கே தொடங்கிரணும். மேல முழுக்க வெள்ள அடிச்சிருங்க."

"வெள்ளம்தானே சாரே? அடிச்சிரலாம்."

"முதல்ல பாசியைச் சொரண்டணும். காலம்பற வெயிலுக்கு முன்னால ஒரு தடவ அடிங்க. காஞ்சதும் திரும்ப ஒரு தடவ. காயாம அடிக்கப்படாது."

"காஞ்சாத்தானே சாரே அடிக்கணும். இது கூடவா எனக்குத் தெரியாது."

"ஒரு இடம் விடப்படாது. ஓரம் மூலை எல்லாம் நல்லா அடிக்கணும்."

"எத்தன நாளைக்கு சாரே?"

"அது அஞ்சு வருஷத்துக்கு அசையாம நிக்கும்."

"அஞ்சு வருசமா" என்றார் மேஸ்திரி. குரல் தழுதழுத்த மாதிரி இருந்தது. பெயிண்டின் தரத்தை நினைத்து நெகிழ்கிறார் போலும் என்று எனக்கும் ஒரு சந்தோஷம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பஸ் முழுக்க என்னையே பார்க்கிறது. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் என் கையை மெல்லத் தொட்டு, "சாரே, ராவிலே தன்னே வேண்ட. கரள் போகும்" என்றார். அதாவது காலையிலேயே வேண்டாம், ஈரல் போய்விடும்.

எனக்குப் புரிய ஒரு ஸ்டாப் ஆனது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். வெள்ளமடி என்றால் குடி. நான் விடியற்காலையில் தொடங்கி, காய்ந்தால் திரும்பவும் அடித்து, மூலைமுடுக்கு விடாமல் ஐந்து வருஷம் நீடிக்கும் ஒரு குடிவிருந்துக்கு ஆள் சேர்த்திருக்கிறேன் என்று அந்தப் பஸ் நினைத்துவிட்டது. இறங்கும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். பெரியவர், 'இப்போதே ஏற்றியிருக்கிறான்' என்று நினைத்திருப்பார்.

பஸ்ஸில் இருந்தவர்களுக்குத் தப்பாகக் கேட்டது மேஸ்திரிக்கும் தப்பாகக் கேட்டிருக்குமே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் மூளைக்கும் என் கூரைகளைப் போலத்தான், விழுவதையெல்லாம் திருப்பி அனுப்பிவிடும் குணம்.

மூன்றாம் நாள் மத்தியானம் தையல் அறைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. கருவியை எடுத்து மேலே சுட்டேன். சூடு நன்றாக இறங்கியிருந்தது. இன்னொருமுறை சுட்டேன். அதேதான். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"குறைஞ்சிருக்கா சாரே? எனக்கும் குளுத்த மாதிரித்தான் இருக்கு. உள்ளதா, என் ஆசையான்னு தெரியல்ல."

"உள்ளதுதான் அக்கா. விஞ்ஞானம்" என்றேன்.

அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. சாலையில் பார்த்தவர்களிடமெல்லாம் வெள்ளைக் கூரையின் மகிமையைச் சொன்னேன். வீட்டில் சொன்னபோது, "நீங்க ஏணியில ஏறிப் பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். விஞ்ஞானத்துக்கு ஏணி தேவையில்லை என்றேன். அறிக்கையை அன்றைக்கே எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். முதலாளி பாதி கேட்டும் கேட்காமலும் வாங்கிக்கொண்டார். அவருக்கு வேறு கவலை. கடையில் குழாயில் தண்ணீரே வரவில்லை, மேல் தொட்டி நிறைத்த கையோடு காலியாகிறது. ஊரில் ஒருத்தரையும் விடாமல் ஏசிக்கொண்டிருந்தார். நானும் கூட நின்று ஏசினேன்.

பத்தாம் நாள் சோதனை. சரியாக இரண்டு மணிக்கு முதலாளி நாலாவது மாடிக்கு வந்து, ஏசியை நிறுத்தச் சொல்லி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளிர்நீலச் சட்டை, வியர்த்தால் மறைக்கமுடியாத நிறம் என்று வேண்டுமென்றே போட்டு வந்திருந்தார். அக்கா அப்போதுதான் கரமனையிலிருந்து வந்து, பஸ்ஸின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைக்க ஆரம்பித்தார். ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயற்சி செய்ததை நான் பார்த்தேன்.

கால் மணி போனது, அரை மணி போனது. முதலாளியின் சட்டை காய்ந்தே இருந்தது. "பரவாயில்ல ஓய்" என்றார். "நீரு சொன்னதுல ஏதோ இருக்கு."

அப்போது அவர் வழுக்கைத் தலையில் டொப்பென்று ஒரு துளி விழுந்தது. தடவிப் பார்த்தார். இன்னொன்று விழுந்தது; தோளில், சட்டைமேல், வட்டமாக.

"இது என்ன ஓய்?"

எனக்குப் பதில் தெரியாத கேள்வி எதுவும் உலகத்தில் இல்லை. "அது ஒண்ணுமில்ல முதலாளி. கூரை ரொம்பக் குளிர்ந்துபோச்சு. காத்துல இருக்கிற ஈரம் அதுல பட்டுத் திரண்டு சொட்டுது. ஐஸ்வாட்டர் கிளாஸுக்கு வெளிய வேர்க்குமே, அது மாதிரி. இது வெற்றிக்கு அடையாளம்."

மூன்றாவது துளி அவர் மூக்கில் விழுந்தது. வெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாரும், ஏறிப் பாத்திரலாம்" என்றார். அறுபதைத் தாண்டிய, வயிறு முன்னால் போகிற மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அறைக்கு வெளியே கூரைக்குப் போகும் இரும்பு ஏணியில் கடகடவென்று ஏறி மறைந்துவிட்டார். நானும் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கம்பியையும் மனைவி பெயரைச் சொல்லிப் பிடித்தேன்.

கண்ணைத் திறந்தபோது கறுப்பு. சுரண்டிய இடம் கருஞ்சாம்பல், சுரண்டாத இடம் கன்னங்கரேல், எல்லாவற்றின் மேலும் தண்ணீர் பளபளக்கிறது. நடுவில் மேஸ்திரி லுங்கியை மடித்துக்கட்டி, ஹோஸ் பைப்பைப் பிடித்து, கோவில் யானையைக் குளிப்பாட்டுகிற பக்தியோடு தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் டிரம் இரண்டும் மூடி திறக்காமல் ஓரத்தில் இருந்தன. ஒன்றின்மேல் அவர் சோற்றுவாளி. இன்னொன்று, அவர் உட்காருவதற்கு.

"மேஸ்திரி, வெள்ள அடிக்கச் சொன்னேனே" என்றேன்.

"அடிச்சிட்டுத்தானே சாரே இருக்கேன். இன்னைக்கு இது மூணாவது தடவ. வெயில் கூடுதல்லா, சட்டுன்னு காஞ்சிருது. நீங்கதான் காஞ்சதும் அடிக்கச் சொன்னியள்லா."

"இந்தப் பெயிண்டு எதுக்கு வந்துதுன்னு நெனச்சீங்க?"

"கீழ செவத்துக்கா இருக்கும்னு நெனச்சேன். அடுத்தவன் சாமானத்த நான் தொடமாட்டேன் சாரே."

முதலாளி ஒருமுறை கூரையைப் பார்த்தார், ஒருமுறை ஹோஸைப் பார்த்தார், பிறகு நிதானமாக என்னைப் பார்த்தார். "தண்ணி வரல்ல, தண்ணி வரல்லன்னு நான் பாத்தவனையெல்லாம் ஏசினேன். கூட நின்னு ஏசினது நீரு."

மேஸ்திரிக்கு விஷயம் மெல்ல விளங்கியது. ஹோஸைக் கீழே போட்டார். "அப்போ அந்த அஞ்சு வருசம், சாரே? ஊர்ல பெண்டாட்டிகிட்ட அஞ்சு வருசத்துக்கு நிரந்தர வேலைன்னு சொல்லிப்போட்டேனே."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கியது நல்லதாயிற்று. முதலாளி ஏணி வாயில் குனிந்து கீழே பார்த்துச் சொன்னார்: "அக்கா, சட்டை நனைஞ்சாச்சு. திங்கக்கிழமை விதுரா வேன் வரும்."

ஏணியின் அடியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி அக்கா நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. "மேல தண்ணிச் சத்தம் எனக்குத் தினமும் கேட்டுதான்" என்றார், முதலாளியிடமா என்னிடமா என்று தெரியாமல். "குளுக்குதே, எதுக்குக் கேட்டுக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்." பிறகு உள்ளே போய்ப் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, ஒரு துணித்துண்டில் சுற்றி, நுனியை மடித்து முடிச்சுப் போட்டார்.

அந்த முடிச்சைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது. என் காதில் விழாத ஒரு 'ம்' எழுத்துக்காக, ஏறாத ஓர் ஏணிக்காக, கரமனையில் ஒரு கிழவிக்கு மத்தியானக் கஞ்சி நின்றுபோகப் போகிறது. ஏணி வழியே முதலாளிக்குப் பின்னால் இறங்கிவந்து, "முதலாளி, நனைஞ்சது வேர்வையில இல்ல, என் மடத்தனத்தில. வேன் வர்றதுவரை எனக்கு டைம் கொடுங்க. மூணு நாள் இருக்கு" என்றேன்.

"மேல நின்னு செய்வீரா? கீழ நின்னு போன் பேசுவீரா?"

"மேல."

"சரி" என்றார்.

வெள்ளி, சனி, ஞாயிறு. மேஸ்திரி தன் ஊர்க்காரர் இருவரைக் கூட்டிவந்தார். கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து எடுத்தார்கள், கழுவினார்கள், காயவிட்டு அடிப்பூச்சு போட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மேஸ்திரி டிரம்மைக் காட்டி என்னிடம், "வெள்ளையா சாரே, வெள்ளமா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். இருபது தடவையாவது கேட்டிருப்பார். நான் அந்தத் தண்டனையை முழுதாக அனுபவித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பூச்சில் நானும் ஒரு ரோலரை வாங்கிக்கொண்டேன். உற்சாகத்தில் ஏணிப்பக்கத்தில் தொடங்கி எதிர்மூலை நோக்கி அடித்துக்கொண்டே போனேன். மூலைக்கு வந்து நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது: எனக்கும் ஏணிக்கும் நடுவில் முழுக்க ஈரப் பெயிண்ட். மற்றவர்கள் புத்தியோடு ஏணிப்பக்கம் வந்து முடித்து இறங்கிப் போயிருந்தார்கள். காலி டிரம்மைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். முந்தின பூச்சு காய்ந்த இடத்தில் கால் வைத்திருந்தேன். உச்சி வெயிலில் உள்ளங்கால் சுடவே இல்லை. சுட்டது முகம். வெள்ளை திருப்பி அனுப்பிய வெயில் எல்லாம் என் முகத்துக்குத்தான் வந்தது. இத்தனை வருஷம் காகிதத்தில் எழுதிய விஷயத்தை அன்றைக்குத்தான் என் தோல் படித்தது.

அக்கா அன்றைக்கு விடுமுறையிலும் வந்திருந்தார். ஏணி வாயில் தலை மட்டும் தெரிந்தது. ஒரு பாட்டிலைக் காட்டினார். "சாரே, வெள்ளம் வேணுமா?"

"எறியுங்கக்கா."

எறிந்தார். பிடிக்கத் தெரியவில்லை. அது உருண்டு ஈரப் பூச்சில் ஒரு நீளக் கோடு போட்டது. மேஸ்திரி மறுநாள் காலையில் அதை மட்டும் தனியாகத் திருத்தினார்.

திங்கட்கிழமை இரண்டு மணி. விதுரா வேன் முற்றத்தில் வந்து நின்றுவிட்டது. முதலாளி அதே வெளிர்நீலச் சட்டையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார், இந்த முறை சுவரில் சாய்ந்து. அக்கா கத்தரிக்கோல் முடிச்சை அவிழ்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கருவியை வெளியே எடுக்கவே இல்லை. பத்து நிமிஷம் போனது. கால் மணியில் முதலாளியின் தாடை கொஞ்சம் இறங்கியது. அரை மணியில் குறட்டை வந்தது. அடுப்புக்குள் உட்கார்ந்தவன் தூங்கமாட்டான். அந்தக் குறட்டையை விடப் பெரிய அளவுமானி எந்தக் கம்பெனியிடமும் கிடையாது.

கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். முதலாளி விழித்து, அக்குளில் கைவிட்டுப் பார்த்தார். முதுகைத் தடவிப் பார்த்தார். மேலே கூரையைப் பார்த்தார், ஒன்றும் சொட்டவில்லை.

"வேன்ல நாலு கட்டு பெட்ஷீட் ஏத்தி அனுப்புங்க. மெஷின் இறக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அக்கா முடிச்சை அவிழ்த்துக் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தார். மெஷின் ஓட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு முற்றத்துக் கறுப்புக் கல்லும் போனது. வெளிர்சாம்பல் கல், நடுநடுவே இடைவெளி விட்டுப் புல். எண்ணெய்க் கறை நன்றாகத் தெரிகிறது. முதலாளி அதைக் காட்டி அவ்வப்போது என் பழைய காகிதத்தைப் படித்துக் காட்டுவார். சாமிகள் துள்ளுவதில்லை. மேஸ்திரிக்கும் ஒரு வழி பிறந்தது. இந்த ஊர் மழைக்கு எந்த வெள்ளையும் ஒரு வருஷத்தில் பச்சையாகி, அடுத்த வருஷத்தில் கறுப்பாகும். அடித்த அன்று வெள்ளையாக இருந்தால் போதாது, வருஷங்கள் போனபிறகும் இருக்கவேண்டும். அதனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கூரையைக் கழுவித் தேய்க்கும் வேலை அவருக்கு, ஐந்து வருஷத்துக்கு. பெண்டாட்டியிடம் சொன்னது பொய்யாகவில்லை. இப்போது அவர் நிஜமாகவே வெள்ளம்தான் அடிக்கிறார்.

துலா மழை, அதாவது நம் ஐப்பசி மழை, ஓய்ந்த ஒருநாள், அந்த வருஷத்து அறிக்கையை எழுதப் போனேன். மத்தியானம் இரண்டரை. புது முற்றத்தில் உட்கார்ந்து, காகிதத்தை முழங்காலில் வைத்து, பேனாவைத் திறந்துகொண்டு மேலே பார்த்தேன். நாலாவது மாடி ஜன்னலில் அக்கா, கழுத்தில் டேப், வாயில் நூல்.

"அக்கா, மேஸ்திரி கழுவிட்டுப் போயாச்சுல்லா? கூரை இப்பவும் வெள்ளையாத்தானே இருக்கு?" என்று கத்தினேன்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏறிப் பாருங்க, சாரே."